ஒரே ஒரு இடம்

நவம்பர் 12

ஹீட்டர் மறுபடி மண்டையைப் போட்டுவிட்டது. கோட்டோடு படுத்து, கோட்டோடு எழுந்து, அதே கோட்டோடு பயிற்சி மையத்துக்குப் போனேன். விடுதியில் பக்கத்து அறை தாமி அக்கா என்னைப் பார்த்ததும், "ஏண்டி, போர்வைக்குள்ளேருந்து பொணம் எந்திரிச்சு வந்த மாதிரி வர்ற?" என்றாள். அவள் மட்டும் என்ன, மூக்கு சிவந்து தக்காளி மாதிரி இருந்தாள்.

கணக்கில் இன்றும் மோசம். தாமிதான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொண்டே கப் நூடுல்ஸ் மூடியின் பின்பக்கத்தில் ஒரு வீடு வரைந்தாள். எப்போதும் இதே வேலைதான். ஜன்னலை எந்தப் பக்கம் வைத்தால் மத்தியான வெயில் சமையலறைக்கு வரும் என்று யோசிக்கிறவள். பள்ளி நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பல்கலைக்கழகம், அதன் கட்டடக்கலைத் துறை, அவ்வளவுதான். வேறு ஆசையே கிடையாது.

எனக்கு? எனக்கு அந்தப் பெயர் வேண்டும். இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள், நேராகவே எழுதுகிறேன். தெற்கே சுன்ச்சோன் கல்லூரியில் படிக்கிறேன் என்று சொன்னால் சியோல்காரர்கள் "ஓ" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்களே, அந்த "ஓ" இனிமேல் என் காதில் விழக் கூடாது. சுன்ச்சோனில் இரண்டு வருடம் கட்டடக்கலை படித்துவிட்டதால் சியோலில் மூன்றாம் ஆண்டுக்கு மாறவும் அதற்கே விண்ணப்பம். மீன்வளம் படித்திருந்தால் மீன்வளத்துக்குப் போட்டிருப்பேன்.

டிசம்பர் 21

எழுத்துத் தேர்வு முடிந்தது. ஆங்கிலம் பரவாயில்லை. கணக்கு கடைசிப் பக்கம் அவசரத்தில்.

மூன்றாம் ஆண்டில் சேர, அந்தத் துறையில் வெளியிலிருந்து எடுப்பது ஒரே ஒருவரைத்தான். அரங்கம் முழுக்கத் தலைகள். வாசலில் தாமி சொன்னாள்: "யாருக்குக் கெடச்சாலும் இன்னொருத்தி அழக் கூடாது."

"அழலாம்க்கா. பேசாமத்தான் இருக்கக் கூடாது."

"சரி. அழலாம்."

என் போன் உயிரை விட்டிருந்தது. அவள் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். "சாப்பிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "எழுதிட்டியா?"

ஜனவரி 17

முதல் கட்டத்தில் தேறிவிட்டேன்!! தாமியும். இரண்டு பேரும் விடுதி நடையில் குதித்தோம். மாடிக்காரர் கதவைத் திறந்து, "இடிஞ்சு விழுந்தா நீங்களா கட்டித் தருவீங்க?" என்று கத்தினார். "அதுக்குத்தானே படிக்கப் போறோம்!" என்றாள் தாமி.

அப்பாவைக் கூப்பிட்டபோது கடலில் இருந்தார். கடல்பாசி அறுவடை நேரம், எஞ்சின் சத்தம், காற்று. "அப்பா, பாஸ்! முதல் கட்டம் பாஸ்!" என்று கத்தினேன். "பாஸா? பாஸ் பண்ணிட்டியா?" "ஆமாப்பா!" அதற்குள் லைன் போய்விட்டது.

ஜனவரி 28

எங்கள் ஊர் கோஹுங்குக்குப் போகும் பேருந்து துறைமுகத் திருப்பத்தில் வளைந்தபோது பார்த்தேன். இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே மஞ்சள் பேனர். "நம் துறைமுகத்தின் பெருமை! தக் கி-சு அவர்களின் மகள் தக் யூன்சுல் தேர்ச்சி!" கீழே பல்கலைக்கழகத்தின் பெயர், என் பெயரைவிடப் பெரிய எழுத்தில். அதற்கும் கீழே, பாசி வளர்ப்போர் சங்கம்.

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீதானம்மா அது?" என்றார். தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

வீட்டில் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்பா, முதல் கட்டம்தான் முடிஞ்சிருக்கு. நேர்முகம் இருக்கு. ஒரே ஒருத்தரத்தான் எடுப்பாங்க."

சட்டை மாற்றிக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. அம்மா சமையலறையிலிருந்து, "நான் அன்னைக்கே சொன்னேன், சரியாக் கேட்டுட்டுக் கட்டுங்கன்னு. கேட்டாதானே?" என்றாள்.

அப்பா பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "கட்டினது கட்டினதுதான். நீ மிச்சத்தையும் பாஸ் பண்ணிரு."

ஜனவரி 29

சந்திரப் புத்தாண்டு. வந்தவர்கள் எல்லாரும் வாழ்த்தினார்கள். புத்தாண்டு அரிசிக்கட்டி சூப்பை அப்படியே அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 3

நேர்முகம். ஒரு பேராசிரியர், உனக்குப் பிடித்த கட்டடம் எது என்று கேட்டார். மனப்பாடம் செய்து வைத்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

தாமியைப் பிறகு கேட்டேன். அவள் தன் அம்மா வேலை செய்யும் மலைப்பக்கத்து ஊரில் இருக்கும் பழைய பொதுக் குளியல்கூடத்தைப் பற்றிப் பேசினாளாம். ஆவி வெளியே போகிற துவாரம் எப்படி அமைந்திருக்கிறது என்று. "என்னை நிறுத்தவே இல்லடி, பேச விட்டுட்டாங்க" என்றாள். கண் மின்னியது.

பிப்ரவரி 11

தாமிக்கு இடம். எனக்கு வெயிட்டிங் லிஸ்ட், முதல் ஆள்.

அவளுக்கு இன்னொரு பல்கலைக்கழகத்திலும் கிடைத்திருக்கிறது, உள் அலங்காரத் துறை. அவள் அங்கே போனால் இது எனக்கு. போகமாட்டாள். ஏன் போக வேண்டும்?

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். கை மரக்கட்டை மாதிரி இருந்தது.

பிப்ரவரி 12

வீட்டுக்குச் சொன்னேன். போனில் அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சைத் தாங்க முடியாமல் நான்தான் உளறினேன்— "அந்த அக்காவுக்கு ரெண்டு இடம்ப்பா. ரெண்டுலயுமா உக்காரப் போறா? எனக்கு ஒண்ணுகூட இல்ல."

"யாரு, அன்னைக்கு நீ யாரு போன்லேருந்து பேசினியோ, அந்தப் புள்ளையா?"

"ஆமா."

"சரி. நீ சாப்பிட்டுத் தூங்கு."

பிப்ரவரி 14

தாமி எனக்கு வறுத்த கோழி வாங்கிக்கொடுத்தாள். இரண்டு நாளில் பணம் கட்டிச் சேர்ந்துவிடுவாளாம், கட்டடக்கலைத் துறையில்தான். "அழலாம்னு பேசிக்கிட்டோமே. அழு" என்றாள். அழுதேன். கோழி எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதது நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அவளும் அழுதாள். மனசு கொஞ்சம் லேசானது. ஊருக்குப் போய் அந்தப் பேனரை நானே அவிழ்த்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

பிப்ரவரி 17

கூப்பிட்டுவிட்டார்கள்.

பயிற்சி மையத்திலிருந்து புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத எண், பல்கலைக்கழக அலுவலகம். "தேர்வானவர் இடத்தை விட்டுட்டாங்க. நீங்க சேர்றீங்களா, இல்லையா? இப்பவே சொல்லணும்." அந்த அம்மாள் சொல்லி முடிப்பதற்குள் "சேர்றேன்" என்றேன். மறுபடி "சேர்றேன், சேர்றேன்." அவள் சிரித்துவிட்டாள்.

தாமி விட்டுவிட்டாளா? ஏன்? உள் அலங்காரத்துக்கா போகிறாள்?

ஓடிப்போய் அவள் கதவைத் தட்டினேன். "அக்கா, கூப்பிட்டாங்க! என்னாச்சு உனக்கு?" உள்ளேயிருந்து, "தெரியும். வாழ்த்துகள்டி. தலைவலி, அப்புறம் பேசுறேன்" என்றாள். கதவைத் திறக்கவில்லை.

அப்பா போனில் அழுதார். என் அப்பா அழுது நான் கேட்டதே இல்லை.

பிப்ரவரி 18

தாமி அறை காலி. போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 22

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

ஊரில் விருந்து. சங்கத்து ஆட்கள் எல்லாரும் எங்கள் வீட்டில். அப்பா இரண்டு சுற்று சோஜு சாராயத்துக்குப் பிறகு முகம் சிவந்து, என் தோளில் கை போட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "அந்தப் புள்ள நல்ல புள்ளம்மா. சொன்னா கேட்டுச்சு."

"எந்தப் புள்ள?"

"உன் சிநேகிதி. நான்தான் பேசினேன். உனக்கு ரெண்டு இருக்கேம்மா, எம் பொண்ணுக்கு ஒண்ணக் குடுத்துரும்மான்னு. மொதல்ல முடியாதுன்னுச்சு. ரெண்டாவது தடவையும் முடியாதுன்னுச்சு. மூணாவது தடவை..." வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் இந்தத் துறைமுகத்துல நடமாட முடியாதும்மான்னு சொன்னேன். அதுக்கப்புறம் அது ஒண்ணும் சொல்லல. போன வச்சிருச்சு."

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? என்ன பண்ணி வச்சிருக்கீங்க!"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "இப்ப வேணாம். எல்லாரும் இருக்காங்க" என்றாள். அவளுக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் விட்டால் தாமிக்குத் திரும்பப் போகுமா? போகாது. விட்டவருக்கு மறுபடி கிடையாது, அடுத்த ஆளுக்குப் போகும். அடுத்த ஆள் யாரோ.

அவளுக்கு ரெண்டு இடம் என்று சொன்னது யார்? நான். அப்பா வாயில் அந்த வார்த்தையை வைத்தது நான்.

மார்ச் 4

முதல் வகுப்பு. எங்கே படிக்கிறாய் என்று பேருந்தில் ஒரு கிழவர் கேட்டார். சொன்னேன். "அடேயப்பா" என்றார். இந்த "அடேயப்பா"வுக்குத்தானே இத்தனையும்.

ஏப்ரல் 9

தாமி சேர்ந்த அந்த இன்னொரு பல்கலைக்கழகத்தின் வாசலில் காத்திருந்தேன். செர்ரிப் பூ பார்க்க வந்த கூட்டம், எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலைமுடியை வெட்டியிருந்தாள்.

"மன்னிச்சிரு" என்றேன். வேறு என்ன சொல்வது.

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"அப்ப ஏன்க்கா விட்ட? மாட்டேன்னு போன வச்சிருக்கலாமே."

"ரெண்டு தடவை வச்சேனே. மூணாவது தடவை உங்க அப்பா பேசினதே கொஞ்சம்தான், முக்கால்வாசி அழுகைதான். படகு சத்தமும் அழுகையும். எனக்கு வேணும், எனக்கு வேணும்னு நான் சொல்லச் சொல்ல, நான் ஏதோ திருடிட்டுப் போற மாதிரி எனக்கே ஆயிருச்சு. அது என்னோடதுதானே யூன்சுல்? நான்தானே எழுதினேன்?"

"உன்னோடதுதான்."

"ஆமால்ல" என்றாள். பூக்களைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு எனக்கு அது தெரியாமப் போச்சு" என்றாள்.

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். வகுப்பு இருக்கிறது என்று போய்விட்டாள்.

மே 10

அப்பா சியோலுக்கு வந்தார். அந்தப் புள்ளைக்கு நன்றி சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். வேண்டாம்ப்பா என்று எத்தனை தடவை சொன்னேன். அவரே கூப்பிட்டிருக்கிறார். அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள். அவருக்கு மறுபடி முடியாது என்று எப்படிச் சொல்வாள்?

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எலும்பு சூப் கடை. அப்பா கல்யாணத்துக்குப் போகிற கோட்டில் வந்திருந்தார். தாமி குனிந்து வணங்கினாள். அப்பா தன் கிண்ணத்திலிருந்த கறித்துண்டுகளை எடுத்து எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டார்.

"சாப்பிடும்மா. எளைச்சுப் போயிருக்க."

"சாப்பிடுறேங்கய்யா."

"என்ன படிப்பும்மா அது?"

"உள் அலங்காரங்கய்யா."

"அதுவும் வீடு சம்பந்தப்பட்டதுதானே?"

தாமி கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்கய்யா. சுவருக்கு உள்பக்கம்."

"அப்ப சரி, அப்ப சரி" என்று அப்பா சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவளுக்கென்று கட்டிக்கொண்டு வந்த காய்ந்த கடல்பாசியையும் கணவாய் மீனையும் மேஜைமேல் தள்ளினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நேரமாகிவிட்டது என்று எழுந்து, மறுபடி ஆழமாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். என்னைப் பார்க்கவில்லை. பொட்டலம் அவள் நாற்காலியிலேயே இருந்தது.

அப்பா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேருந்து வரும்வரை அதன் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தார். படியில் கால் வைத்தபிறகு திரும்பினார்.

"ஒரு வாய்கூடச் சாப்பிடலம்மா அது."

"ம்."

"நான் கறியா எடுத்துப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பேருந்து கிளம்பியபோது கையசைத்தேன். அவர் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி போனார்.

ஜூன் 27

பழைய பயிற்சி மையத்துப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். தாமி மறுபடி அங்கே சேர்ந்திருக்கிறாளாம். காலை வகுப்பு. மறுபடி எங்கள் பல்கலைக்கழகத்தின் அதே துறைக்குத்தானாம்.

சந்தோஷத்தில் தெருவிலேயே நின்றுவிட்டேன். கிடைக்கட்டும். கிடைத்தால், நான் ஒரு வருடம் முந்தியவளாக இருந்தாலும் அவளுக்குப் பின்னால்தான் உட்காருவேன்.

நவம்பர் 6

இந்த வருடம் எந்தத் துறைக்கு எத்தனை இடம் என்று அறிவித்துவிட்டார்கள். கட்டடக்கலை— இடம் இல்லை.

தவறாகப் பார்த்துவிட்டேனோ என்று திரும்பப் பார்த்தேன். துறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். யாரும் படிப்பை விடவில்லை, அதனால் காலி இல்லை என்றார்கள். நான் இப்போது விட்டால்? முதல் இரண்டு ஆண்டில் விட்டவர்களின் இடம்தான் கணக்கு, மூன்றாம் ஆண்டு கணக்கில் வராது என்றார் அலுவலர், "ஏம்மா, விடப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

தாமிக்குப் போனில் செய்தி அனுப்பினேன். படித்துவிட்டாள். பதில் இல்லை.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். மே மாதத்திலிருந்து அவர் என் படிப்பைப் பற்றிக் கேட்பதே இல்லை. சாப்பிட்டாயா என்பார், குளிருகிறதா என்பார், பிறகு அதைக் கேட்பார். இன்றும் கேட்டார்.

"அந்தப் புள்ள எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்காப்பா" என்றேன்.