சனிக்கிழமைப் பிரேதம்

2 பெப்ரவரி 2025, ஞாயிறு

தம்பி மயூரதன் காலையில் வந்து, தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை விஷயத்தைச் சொல்லவில்லை. நான் எழுதிய நாடகத்தின் நடுப்பகுதி புவனராஜுக்குப் பிடிக்கவில்லையாம்.

புவனராஜ் என்றால், நாங்கள் கம்பஸில் படித்த காலத்தில் ஹொஸ்ரல் பெட்டையள் படம் வெட்டி ஒட்டிய அதே சினிமாக்காரர். சென்னையில் இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. கீரிமலையில் கடல் தெரிகிற ஒரு மண்டபத்தை எடுத்து ‘விருந்தும் நாடகமும்’ தொடங்குகிறார். சனிக்கிழமைகளில் மேடையில் நாடகம், கீழே சாப்பாடு. செத்தவர்களுக்குக் கருமம் செய்ய ஆட்கள் வருகிற ஊர் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லைப் போல. மயூரதன் இன்சூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு அங்கே மனேச்சர். அரங்கியலில் பட்டம் எடுத்துவிட்டுக் கல்வித் திணைக்களத்தில் பைல் கோவைகள் புரட்டுகிற என்னிடம் நாடகம் கேட்டால் — ஓம் என்றுவிட்டேன்.

“அவருக்குச் சாகவேணுமாம் அக்கா.”

“ஏன்?”

“அவர் செத்த படமெல்லாம் நூறு நாள் ஓடினதாம்.”

இது ஓடாவிட்டால், சித்திரை வருஷப்பிறப்பு முடிய மயூரதன் கட்டார் போகவேண்டும் என்று அவன் மனைவி ஆரணி சொல்லிவிட்டாள். அவளுடைய அண்ணை அங்கே வேலை பார்த்து வைத்திருக்கிறார். என் மற்ற இரண்டு தம்பிமாரும் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்கள். மிஞ்சியது இவன்.

சரி, கொல்லுறன் என்றேன்.

9 பெப்ரவரி, ஞாயிறு

நேற்று முதல் நாள். மண்டபம் நிறைந்திருந்தது. நண்டுக்கறி, கணவாய்ப் பிரட்டல், இடியப்பம், சொதி. சமையல் இராசமலர் அக்கா, குறை சொல்ல இடமில்லை. காணிக்காரப் பெரியவராக வந்த புவனராஜ் நெஞ்சைப் பிடித்து, விழுந்து, எழும்பி வசனம் பேசி, மறுபடி விழுந்து செத்தார். நல்ல கைதட்டல். பிரேதம் மேடை நடுவில் கிடக்க, பிள்ளைகள் காணிக்குச் சண்டை பிடிக்கத் தொடங்க, சாப்பாடு மேசைக்கு வந்தது.

ஒருவரும் தொடவில்லை.

நண்டு பழுதோ என்று பயந்தேன். முன்வரிசையில் ஒரு மனிசி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். முடிந்ததும் எல்லாரும் பார்சல் கேட்டார்கள். “வீட்டை கொண்டுபோய்த் தின்னுறதுக்கோ நான் விடிய இருந்து அரைச்சனான்?” என்று இராசமலர் அக்கா அகப்பையைப் போட்டுவிட்டார்.

எனக்குப் படிப்பித்த தில்லைநாதன் மாஸ்ரரிடம் கேட்டேன். அவர் கையிலும் பார்சல்.

“பிரேதம் கிடக்குது பிள்ளை. எடுக்காமல் எப்பிடிச் சாப்பிடுறது? அதுவும் சனிக்கிழமை.”

“அது நடிப்பு, மாஸ்ரர்.”

“ஓம், நல்ல நடிப்பு. அதுதான் கரைச்சல்.”

பிரேதம் எடுக்கும்வரை செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. எனக்குத் தெரியாததா? நானும் என் இடியப்பத்தைத் தொடவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

11 பெப்ரவரி, செவ்வாய்

புவனராஜிடம் காரணத்தைச் சொன்னேன். “அப்போ என் நடிப்பு அவ்வளவு ரியலா மேடம்?” அதற்குப் பிறகு அவர் ஒன்றும் காதில் வாங்கவில்லை.

16 பெப்ரவரி, ஞாயிறு

நேற்றும் பார்சல். புவனராஜ் இம்முறை கொஞ்சம் கூடுதலாகச் செத்தார்.

18 பெப்ரவரி, செவ்வாய்

மண்டபத்தில் கூட்டம். மூன்று பேர். பெரியவரைச் சாகாமல் விடுவோம் என்றேன்.

“சாகலைன்னா நான் எதுக்கு மேடம்?”

மயூரதன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன் — கட்டாரில் இண்டைக்கு எவ்வளவு வெயில் எண்டு பாக்கிறான். எனக்கு வந்த கோபம்! “செத்தால் எடுக்கத்தானே வேணும், எடுங்கோவன் அந்த ஆளை!” எண்டு கத்திப்போட்டன். நான் கத்தி எத்தனை வருஷம்.

கத்திய பிறகுதான் யோசனை வந்தது. தொடக்கத்திலேயே சாகட்டும். பிரேதத்தை வெளியே கொண்டுபோய்விடலாம். அடுத்த காட்சி எட்டுச் செலவு. சனம் அதற்கு வந்த சொந்தக்காரர்.

“எட்டுச் செலவுன்னா?”

“எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைச்சுப் படைச்சுப்போட்டு, வந்த சனம் இருந்து சாப்பிடுறது. மீன், இறைச்சி, சாராயமும் வைக்கிறது.”

“அந்த சீன்ல நான்?”

“நீங்கள் படம். மாலை போட்டிருக்கும்.”

அபசகுனம் என்று எழும்பிப் போவார் என நினைத்தேன்.

“எந்த வருஷத்துப் படம்?”

23 பெப்ரவரி, ஞாயிறு

நேற்று நடந்ததை நான் எழுதவில்லை. அவர்களாகச் செய்தது.

வாய்க்கரிசி போட இரண்டு நடிகர்களைத்தான் வைத்திருந்தேன். முன்வரிசை எழும்பி வந்தது. பின்னால் மற்ற வரிசைகளும். புவனராஜ் வாய் நிறைய அரிசியோடு ஒரு தும்மல் போட, அடுத்து நின்ற அம்மா, “கொஞ்சம் பொறுங்கோ, இன்னும் ஆக்கள் நிக்கினம்” என்றார்.

பாடை மேசைகளுக்கு நடுவால் போனது. ஆம்பிளையள் எழும்பிப் பின்னால் போனார்கள். பெண்கள் கேற்றோடு நின்றுவிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் சமைக்கிற குசினிக்குப் பக்கத்துப் பைப்பில் கால் கழுவி, இருந்து, சாப்பிட்டார்கள். அப்படி ஒரு சாப்பாடு! இராசமலர் அக்கா மறுபடி இடியப்பம் பிழிந்தார். “நல்ல மனுசன், பாவம்” என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது கேட்டது. நான் அந்த ஆளைப் படுகள்ளனாக அல்லவா எழுதியிருந்தேன்.

ஆரணியும் வந்திருந்தாள். அழுதாள். பிறகு கணவாய் கேட்டாள்.

பின்பக்கம் போனால் புவனராஜ் வாளியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கிறார். “உள்ள என்னைப் பத்தி என்ன பேசிக்கிறாங்க மேடம்?”

16 மார்ச், ஞாயிறு

தில்லைநாதன் மாஸ்ரர் காலையில் மண்டபத்துக்கு வந்து, ஆனியில் ஒரு சனிக்கிழமை வேண்டும் என்றார். எட்டுச் செலவுக்காம்.

“ஆருடைய, மாஸ்ரர்?”

“என்ரைதான். பிள்ளையள் நாலு நாட்டிலை. நான் போனாப் பிறகு வந்து நல்லாச் சாப்பிட்டிட்டுப் போவினம், நான் என்னத்தைக் கண்டன்? ஆனியிலை லீவிலை வருகினம். உயிரோடை இருக்கேக்கையே வைப்பம்.”

புவனராஜின் முகம் விழுந்துவிட்டது. “சார், பாடைல நான்தான் படுப்பேன். அது என்னோட ரோல்.”

“நீர் படும் தம்பி. நான் இருந்து சாப்பிடவேணும்.”

மயூரதன் நாள் குறித்தான். மாஸ்ரர் விடவில்லை. “மனேச்சர் அப்ப இஞ்சை நிப்பீரோ?”

“ஓம். நிப்பன்.”

ஆரணி பக்கத்தில்தான் நின்றாள். இப்போது சனிக்கிழமைகளில் சாமான் வாங்குவது அவள். தலை நிமிராமல், கட்டார்ப் பேச்சை எடுக்காமல், எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று மட்டும் மாஸ்ரரைக் கேட்டாள்.

நான் குசினிப் பக்கம் போய்ப் பைப்பில் முகம் கழுவிவிட்டு வந்தேன்.