வண்டியின் கழுத்தில் நீ வைத்த பொட்டு

இன்று தபாலில் நம் வண்டிக்குப் புது நம்பர் பிளேட் வந்தது. உறையைப் பிரித்ததும் நான் செய்த முதல் வேலை, அலமாரியில் வைத்திருந்த மாத்திரை டப்பாவைத் திறந்து, அதிலிருந்த பஞ்சு உருண்டையை மோந்து பார்த்தது. இன்னும் சந்தன வாசனை இருக்கிறது. அதன்மேல் மஞ்சளும் சிவப்புமாக உன் நெயில்பாலிஷ் கறை. அடிப்பாவி, நீ போயும் என்னை விடவில்லையே என்று சிரித்தேன். பிறகு அழுதேன்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்த வருடம் இரண்டு பேருமாகச் சேர்ந்து வாங்கிய நூறு சிசி வண்டி. பதிவு என் பேரில், பூசை உன் பொறுப்பில். நம் கிராமமான பெருநகரிலிருந்து தினமும் நான் ஓட்டுவேன். நீ பின்னால் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த வழியையே எனக்குச் சொல்லிக்கொண்டு வருவாய். முதல் ஆயுத பூசைக்கு ஊரே ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைத்தபோது, நீ மட்டும் ஹேண்டில் பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்தில் வைத்தாய்.

"எல்லாரும் முன்னாடிதானேடி வெக்கிறாங்க?" என்றேன்.

"மூஞ்சில வெச்சா மழையில பூடும். கழுத்துல வெச்சாத்தான் நிக்கும்" என்றாய்.

அடுத்த மழையிலேயே பாதி போய்விட்டது. உனக்குக் கோபம். திருவிழாக் கடையிலிருந்து இரண்டு நெயில்பாலிஷ் வாங்கி வந்து, மிச்சமிருந்த சந்தனத்தைத் துடைக்காமலே அதன்மேல் பட்டையாக மஞ்சளைப் பூசி, நடுவில் சிவப்பு வைத்தாய். "மழைன்னாலே பேஜாரா கீது. இப்ப எப்பிடிப் போவுதுன்னு பாக்கறேன்!" அதிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் பழசின் மேலேயே இன்னொரு பூச்சு. வண்டியின் அடையாளமான சேசிஸ் நம்பரை இரும்பில் அடித்திருப்பது சரியாக அந்த இடத்தில்தான். குழந்தைகளின் கையில் கண்ணுக்குத் தெரியாத நரம்பைத் தேடி ஊசி போடும் நர்சுகள் நாம். நமக்கு அது தெரியவில்லை பார்!

வெளிநாட்டு வேலைக்கான பரீட்சைக்கு ஒன்றாகத்தான் படித்தோம். "போனா மூணு பேராத்தான் போவணும். நானு, நீ, வண்டி. யாரையாச்சும் வுட்டுட்டுப் போன, அவ்ளோதான், பேசவே மாட்டேன்" என்பாய். அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள். உன் கையில் கடைசி ஊசியைப் போட்டதும் நான்தான். அதற்குப் பிறகு வந்த இரண்டு ஆயுத பூசைகளிலும் வண்டியின் கழுத்துப் பக்கம் நான் போகவே இல்லை.

ஸ்காட்லாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தபோது என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அங்க வண்டியே கெடைக்காதா? இந்த ஓட்ட வண்டிய இன்னாத்துக்குத் தூக்கிக்கினு போற?" பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, நம் ஊர்ச் சேற்றைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். பதிவு அலுவலகத்தில் தடையில்லாச் சான்றுக்கு சேசிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சு கேட்டார்கள். அச்செடுக்க உன் பொட்டைச் சுரண்ட வேண்டும். நீ கடைசியாகக் கை வைத்த இடம் அது, எனக்கு மனசு வரவில்லை. வண்டி வாங்கிய அன்று ஷோரூம்காரர்கள் கூடுதலாக எடுத்துக் கொடுத்து, ஆர்.சி. புக் உறையில் நான் வைத்திருந்த பழைய அச்சை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். வேலை முடிந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தச் சாமர்த்தியம் இங்கே வந்து பல்லிளித்தது. பதிவுக்கு முன் வண்டியைப் பரிசோதித்துச் சான்று வாங்க வேண்டும். பரிசோதிப்பவர் நம்பரைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த நரைமீசைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நம்பர் தெரியாத வண்டிக்குச் சான்று கிடையாது என்று மரியாதையாகச் சொன்னார். பிறகு கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுத்தார்.

"வேண்டாம்!" என்று நான் கத்தியதில் அவர் பயந்தே போனார்.

கப்பல் பயணத்தின் கடல் உப்பில் சைலன்சரும் சக்கரக் கம்பிகளும் ஏற்கெனவே துருவேறியிருந்தன. உள்ளே நம்பரும் அரித்துப் போயிருந்தால் வண்டி காயலான் கடைக்குத்தான். துடைத்தால் உன் பொட்டு போகும், துடைக்காவிட்டால் நாம் பேசிய பேச்சு போகும். ஒரு மணி நேரம் கேட்டேன். எதிர்க் கடையில் நெயில்பாலிஷ் ரிமூவரும் பஞ்சும் வாங்கி வந்து, தரையில் உட்கார்ந்து, புண்ணைத் துடைப்பதுபோல் துடைத்தேன். மன்னிச்சிக்கடி, மன்னிச்சிக்கடி என்று வாய் ஓயாமல் முணுமுணுத்தது. சிவப்பு கரைந்தது. மஞ்சள் பூச்சு பூச்சாகக் கரைந்தது. கடைசியில் முதல் வருடச் சந்தனம் குப்பென்று மணந்தது.

அதற்கும் அடியில் நம்பர். ஒரு பொட்டுத் துரு இல்லை. ஷோரூமிலிருந்து அன்றுதான் வந்த வண்டிபோல ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். இத்தனை பழைய வண்டியில் இவ்வளவு சுத்தமான நம்பரைத் தான் பார்த்ததே இல்லை, எதைப் பூசி வைத்தீர்கள் என்று கேட்டார். என் சிநேகிதி நெயில்பாலிஷ் பூசினாள் என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றே சான்று கிடைத்தது.

மழையில் நிற்கும் என்று நீ வைத்தது, கடலையே தாங்கியிருக்கிறது. இனி உன்னைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை.

புது பிளேட்டை மாட்டிவிட்டேன். இந்த ஊர்க் கடையில் கிடைத்த மஞ்சளும் சிவப்பும் வாங்கி, வண்டியின் கழுத்தில் நானே பொட்டு வைத்தேன். உன் கை மாதிரி வரவில்லை, கொஞ்சம் கோணல். நம்பருக்கு இரண்டு விரல் தள்ளித்தான் வைத்திருக்கிறேன், திட்டாதே. நாளைக் காலை ட்யூட்டிக்கு வண்டியில்தான் போகப்போகிறேன். வழி எனக்குத் தெரியும். ஆனாலும் நீ பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வா.

மூணு பேரும் வந்து சேந்துட்டோம்டி.