தொப்பியின் விளிம்பு

அன்புள்ள உம்மா,

இதில் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப்போகிறேன்.

வாப்பா சுகம். தம்பிக்கு முன்பல் விழுந்துவிட்டது.

நீங்கள் கேட்ட கம்பளித் தொப்பியை மனையியல் டீச்சர் காட்டித் தந்தபடி, காது மூடும் அளவுக்குப் பின்னினேன். கரைத்தீவு வெயிலில் கை வியர்த்து நூல் விரலில் ஒட்டியது. பக்கத்து வீட்டு ஸியாத் நானா, "என்ன புள்ள, ஆட்டுக்குத் தொப்பியா?" என்று சிரித்தார். "ஜோர்தானுக்கு வேலைக்குப் போன உம்மாக்கு" என்றேன். பிறகு அவர் சிரிக்கவில்லை.

விளிம்பை மட்டும் மூன்று முறை முடித்து, மூன்று முறையும் அவிழ்த்தேன்.

"இன்னும் முடியல்லையா? பவுஸியா வெள்ளிக்கிழமை அங்க போறா, குடுத்தனுப்போணும்" என்று சாச்சி ஏசினார்.

"விளிம்பு இறுகிப் போச்சு சாச்சி. தலைக்குப் போகாது."

அது பொய், உம்மா. என் தலையில் போட்டுப் பார்த்தேன். நன்றாக இழுபட்டது.

ஹஜ் பெருநாளோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். போன மாதம் தொலைபேசியில் தொப்பி கேட்டீர்கள். இந்தக் குளிருக்கும் அங்கேதான் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொப்பி முடியாமல் கிடந்தால் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்றுப் பள்ளி நூலகத்துப் புத்தகத்தில் நீங்கள் இருக்கும் அம்மான் நகரத்தின் படத்தைப் பார்த்தேன். படிகளிலெல்லாம் பனி கிடந்தது.

இன்று விளிம்பைத் தளர்வாக முடித்து, நூல் நுனியை உள்பக்கம் தைத்து வெட்டிவிட்டேன். இனி அவிழ்க்க முடியாது. காதை நன்றாக மூடிக்கொள்ளுங்கள்.

சாச்சி லைட்டை அணைக்கச் சொல்கிறார்.

உங்கள் மூத்த மகள்