லேமினேஷன் போட்ட ஊசி அட்டை

அன்பு மகள் சுசித்ராவுக்குச் சித்தப்பா சென்னப்பன் எழுதுவது. நானும் உன் சித்தியும் உன் குட்டி பூவிழியும் தீர்த்தமலையான் தயவில் நன்றாகவே இருக்கிறோம், வேலைக்குப் போன சூரத்தில் நீயும் மாப்பிள்ளை சிவக்குமாரும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால் எழுதுகிறேன், கடைசி வரைக்கும் படி.

பூவிழிக்கு ஒன்றரை வயசில் போட வேண்டிய ஊசி நாலு மாசமாக விட்டுப்போயிற்று. பதறாதே, போன புதன்கிழமை போட்டாயிற்று. நீ ஊருக்குப் போகும்போது ஊசி அட்டையை என் கையில் கொடுத்துப் பத்திரம் பத்திரம் என்று பத்துத் தடவை சொன்னாயே தவிர, அடுத்த தேதி எப்போது என்று ஒரு வார்த்தை சொன்னாயா. நானும் ஏழாங்கிளாஸ் படித்தவன், காகிதத்தின் அருமை தெரியும். மறுநாளே தருமபுரிக்கு பஸ் ஏறி, இந்த ஜில்லாவிலேயே கெட்டியாக லேமினேஷன் போடுகிற கடையைத் தேடிப் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். யானை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. பாஸான சர்டிபிகேட்டைத்தானே லேமினேஷன் போடுவார்கள், அதனால் சுவரில் தொங்கியதைப் பார்த்து எல்லா ஊசியும் முடிந்தது என்றே இருந்துவிட்டோம். நர்சு சசிகலா இரண்டு தடவை ஆள் அனுப்பியும், எங்கள் பிள்ளைக்கு எல்லாம் ஆச்சு என்று நான்தான் திருப்பி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை அந்தம்மாவே வந்து நின்றார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏனுங்க, ஒன்னர வயசு கட்டம் காலியா கெடக்குதே, இந்தப் பிளாஸ்டிக்கு மேல நான் எதுலீங்க எழுதறது என்று கேட்கிறார். உன் சித்தி தீர்த்தம்மாள் சும்மா இருப்பாளா, காட்டுப் பட்டான்னு நெனச்சு ஒறை போட்டுட்டாருங்க என்று என் மானத்தை வாங்கினாள்.

நான் யார். அந்தக் காலத்தில் அம்மை குத்த ஜீப் வந்தபோது ஊரே சோளக்காட்டில் ஒளிய, ஆறு வயசில் தனியாக நின்று கையை நீட்டினவன். டாக்டரே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார். நீ பிறந்த காலத்தில்கூட பாதிப் பிள்ளைகளுக்குத்தான் ஊசி, காய்ச்சல் வருமென்று பெற்றவர்களே ஒளித்து வைப்பார்கள், உன்னை நான்தான் சைக்கிளில் வைத்து அரூருக்கு மிதித்தேன். இப்போது நர்சம்மா நோட்டில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் முப்பத்தேழு பேருக்குச் சரியான தேதியில் போட்டிருக்கிறது. சித்தேரி மலையிலிருந்து கூலிக்கு வந்த மாது வீட்டில்கூடத் தேதி தவறவில்லை. பாக்கி ஒன்று, கிராம சபையில் மைக்கைப் பிடித்து நம்ம ஊர் ஊசியில் நூற்றுக்கு நூறு என்று முழங்கினவன் வீட்டுப் பிள்ளை. டீக்கடையில் பச்சியப்பன் என்னைப் பார்த்ததும், வாங்க தொண்ணூத்தேழு என்கிறான். நாலு பேர் சிரிக்கிறார்கள்.

சிரிப்பு கிடக்கட்டும். பக்கத்து ஊரில் இரண்டு பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை, ஒன்று மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, அதற்குத்தான் இந்த ஊசி என்று நர்சம்மா சொன்னார். புதன்கிழமை ஊசி போடுகிற இடத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். கையில் ஒன்று, தொடையில் ஒன்று, வாயில் சொட்டு. மடியில் வைத்து இறுக்கிப் பிடிங்க என்றார், பிடித்தேன். ஊசி இறங்கியதும் பிள்ளை நர்சைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி அம்மா என்று கூப்பிட்டது. ஒரு நாள் காய்ச்சல், இப்போது கோழியை விரட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் வாழ வேண்டும், எங்கள் ஆசீர்வாதம். நர்சம்மா எழுதிக் கொடுத்த புது அட்டையின் ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது. அடுத்த ஊசி அஞ்சு வயசில். அன்றைக்கு நீ வந்து மடியில் வைத்துப் பிடி. ஊரில் எந்த வேலைக்கும் நான் முன்னால் நிற்பேன், அது மட்டும் இன்னொரு தடவை என்னால் ஆகாது.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
மு. சென்னப்பன்