பச்சை இன்ஜினின் திணறல்

பிப்ரவரி 4

பச்சை இன்ஜின் இன்றும் திணறியது. ஜன்னலோர வளைவில் நன்றாகத்தான் போனது. அடுத்த சுற்றில் அதே வளைவில் நொண்டியது. வேகக் குமிழை நான் தொடவே இல்லை. லிஃப்ட் மெக்கானிக்காக ஆயுசு முழுக்கக் குப்பை கொட்டியவனுக்கு ஒரு பொம்மை ரயில் தண்ணி காட்டுகிறது.

மகள் பிரசவத்துக்கு உதவ மனைவி கிளம்பிப் போன பிறகு, சாப்பாட்டு மேஜை முழுக்கத் தண்டவாளம். நான் சமையலறையில் நின்றபடியே சாப்பிடுகிறேன். கேட்க ஆளில்லை.

பிப்ரவரி 6

சக்கரங்களை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பஞ்சு பஞ்சாகக் கறுப்பு. தண்டவாளத்தையும் தேய்த்தேன். முதல் சுற்று அருமை. சந்தோஷமாக டீ போட எழுந்தேன். திரும்பி வந்தால் பழைய குருடி கதைதான்.

பிப்ரவரி 7

மோட்டாரைப் பிரித்தேன். கோளாறு எதுவும் இல்லை. எனக்குத்தான் கைப்பழக்கம் போய்விட்டதோ?

பிப்ரவரி 9

போனில் மனைவி: "என்ன பண்றீங்க?"

"ரயில் ரிப்பேர்."

"இன்னுமா?"

பேரன் அழுதான், வைத்துவிட்டாள். எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. போன தடவை "அடுத்த மாசம்" என்றாள். கேட்டால் மறுபடியும் அதையே சொல்லிவிடுவாளோ என்று பயம்.

பிப்ரவரி 10

படியில் மாடி டெய்லர் மடக்கினார். அவரும் தனிக்கட்டை, வீட்டிலேயே தைக்கிறார். சிடுமூஞ்சி. வெட்டி எறியும் துணித்துண்டெல்லாம் என் பால்கனியில்தான் விழும்.

"கீழ என்ன சார், சாயங்காலமானா கரகரங்குது? எலி வளக்குறீங்களா?"

இந்த வயதில் ரயில் விளையாடுகிறேன் என்று சொல்ல நா எழவில்லை. "பழைய ஃபேன்" என்றேன்.

பிப்ரவரி 12

மீட்டரைத் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தேன். குமிழ் அசையாமலே வோல்டேஜ் இறங்குகிறது, ஏறுகிறது. அப்படியானால் இன்ஜின் மேல் தப்பே இல்லை! பாவம், அதைக் கழற்றிக் கழற்றி வதைத்திருக்கிறேன்.

கவனித்தால், மேஜை விளக்கும் அதே நேரத்தில் மங்குகிறது. ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். அப்போதும் மங்கியது. என் வீட்டுக்குள் இல்லை, வேறெங்கோ. எலெக்ட்ரிக் கடைக்காரர் ஒரு ஸ்டெபிலைசர் போடச் சொன்னார். சரக்கு வந்ததும் கூப்பிடுவாராம்.

பிப்ரவரி 15

பேன்ட் நீளம் குறைக்க வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். டெய்லர் ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பழைய காலத்து இஸ்திரிப் பெட்டி, கனமானது. அதில் சிவப்பு விளக்கு எரிந்ததும் தலைக்கு மேலிருந்த பல்பு மங்கியது. அணைந்ததும் தெளிந்தது. திருடன் அகப்பட்டான்.

இந்தக் கட்டடத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே பழைய லைன். பெட்டி சூடு ஆறினால் தானாகக் கரண்டை இழுக்கும், சூடேறினால் விட்டுவிடும். கீழே என் இன்ஜின் அதற்குத் தாளம் போட்டிருக்கிறது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். "என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? இஸ்திரிப் பெட்டிய பாத்ததே இல்லியா?" என்றார். பேன்டைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 18

இன்ஜின் மெதுவானால், மேலே அவர் சட்டை தேய்க்கிறார் என்று அர்த்தம்.

ஸ்டெபிலைசர் வந்துவிட்டதாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரருக்குக் கோபம். அவரிடம் என்னவென்று விளக்குவது? தலைக்கு மேல் ஒரு மனுஷர் இருக்கிறார் என்று தெரிவது நன்றாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 20

இன்று இன்ஜின் திணறவே இல்லை. இதற்காகத்தானே இத்தனை நாள் தவம் கிடந்தேன்? டெய்லர் எங்கோ வெளியே போயிருக்கிறார் போல. ரயிலைச் சீக்கிரமே நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 23

காய்ச்சல்.

பிப்ரவரி 24

எழுந்து நிற்க முடியவில்லை. போனில் "நல்லா இருக்கேன்" என்றேன். அவளும் நம்பிவிட்டாள். ஏன் நம்பணும்? குரல வச்சுக் கண்டுபிடிக்க வேண்டாமா? இப்படியே கிடந்து போய்ட்டா யாருக்குத் தெரியும்? பால்காரன் பாக்கெட்ட வாசல்ல போட்டுட்டுப் போய்ட்டே இருப்பான் —

பிப்ரவரி 25

கதவு தட்டும் சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன். டெய்லர், கழுத்தில் அளவு நாடாவோடு.

"உங்க ஃபேன் ரெண்டு நாளா ஓடலையே சார்."

என் முகத்தைப் பார்த்தவர் நெற்றியில் கை வைத்தார். "அட என்ன மனுஷன்யா நீங்க! ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" அவரே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனார். திரும்பி வந்து என்னைப் படுக்க வைத்த பிறகுதான் மேஜையைப் பார்த்தார்.

"இதுவா ஃபேன்?"

எனக்குச் சிரிப்புக்குப் பதில் அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர் போலக் குனிந்து, பச்சை இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 1

அவள் போன் செய்தாள். அடுத்த மாசமாம்.

மார்ச் 3

இன்று சாயங்காலம் முழுக்கப் பச்சை இன்ஜின் ஒரே சீராக ஓடியது. நான் எதையும் கழற்றவில்லை, எதையும் வாங்கவில்லை. மாடியில் இஸ்திரிப் பெட்டி அணைந்து கிடந்தது. அதன் சொந்தக்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் வேகமா விடுங்க சார்" என்று என்னை விரட்டிக்கொண்டிருந்தார்.