தறி எதிரில் கேட்ட கேள்வி

செவிலிமேடு போகிற டவுன் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்மணி பையிலிருந்து வலித் தைலத்தை எடுத்துத் தோள்பட்டையில் தேய்க்கத் தொடங்கினாள். பஸ் முழுக்க அந்த வாசனை. பக்கத்தில் நின்ற காலேஜ் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. சின்ன காஞ்சிபுரத்துச் சந்தில் நாம் மாதக்கணக்கில் ஏறி இறங்கிய அந்த அறை இதே வாசனையில்தான் ஊறிக் கிடக்கும். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் போகாது. "எங்கம்மா என்னைய ஆஸ்பத்திரின்னு நெனச்சிக்கினு இருக்குது" என்று சொல்லிச் சிரிப்பாய்.

நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இன்று உன் அம்மாவைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தேன். இறங்கும்வரை உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன், அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நம் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் திணறுவேன். திட்ட மதிப்பீடு என்பேன். கேட்டவர் கொட்டாவி விடுவார். நீ மட்டும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாய்: "கல்யாணத்துக்குப் போயி சாப்பாடு எப்படி இருந்துச்சின்னு எழுதித் தர்ற வேலைங்க. இதுல இன்னா கூத்துன்னா, சாப்பிட்டவங்கள யாரும் கேக்க மாட்டாங்க. செலவு பண்ணவருக்குத்தான் ரிப்போர்ட்டு." நான் சென்னையிலிருந்து கணக்குப் போடுகிறவளாக வந்தேன். நீ செவிலிமேட்டிலிருந்து ஆட்களோடு பேசுகிறவளாக வந்தாய். ஒரே வயது, ஒரே சம்பளம், ஆனால் ஒரு விஷயத்திலும் ஒத்துப் போகாத ஜோடி.

அந்தச் சந்தில் ஓர் அறக்கட்டளை நெசவாளப் பெண்களுக்காக ஒரு பிசியோதெரபி அறை நடத்தியது. தெருவில் அதற்கு 'முட்டி ரூம்' என்று பேர். குழித்தறியில் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு நாளெல்லாம் மிதிக்கிறவர்களுக்கு முட்டியும் இடுப்பும் தோளும் என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அறையைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவு செய்ய அறக்கட்டளை நம்மை அனுப்பியது. மூடினால் அடுத்த பிசியோதெரபி எங்கோ பெரிய ஆஸ்பத்திரியில், அரை நாள் வேலையை விட்டுவிட்டு. கோமதியைப் போன்றவர்கள் அங்கே போகவே மாட்டார்கள். கோமதிக்கு அப்போது நாற்பது கூட ஆகவில்லை. புருஷன் இல்லை. அவள் தறி நின்றால் அந்த வீட்டில் அடுப்பு நின்றது என்று அர்த்தம்.

நாம் வீடு வீடாகப் போனோம். வேலையைக் கெடுக்கக் கூடாது, அதுதான் மரியாதை என்று திட்டம் போட்டது நீ. அவர்கள் நெய்துகொண்டே இருக்கட்டும், நாம் குழி ஓரத்தில் உட்கார்ந்து கேட்கலாம் என்றாய். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அறைக்குப் போகும் முன் முட்டி வலி இருந்ததா? இல்லை. இடுப்பு? நல்லா இருக்குது. தோள்? கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் இல்லபா. கோமதியும் அதைத்தான் சொன்னாள், தறி நாடாவைத் தள்ளிக்கொண்டே, நம் முகத்தைப் பார்க்காமல். தெரு முழுக்க ஒரே பல்லவி.

நான் கணக்கைப் போட்டேன். முன்பும் வலி இல்லை, இப்போதும் வலி இல்லை, ஆகவே அறையால் பயன் இல்லை. கணக்கு சரியாகத்தான் வந்தது, அதுதான் கொடுமை. நீ தாளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாய். "வலியே இல்லாதவங்க ஏன்டி அந்த ரூமு வாசல்ல கியூவுல நிக்கிறாங்க?" என்று கேட்டாய். ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் மறுபடி போனோம். அன்று அமாவாசை என்பது நம் இரண்டு பேருக்குமே நினைவில்லை. அமாவாசைக்குத் தறி ஓடாது. எப்போதும் டக்டக்கென்று கேட்கிற தெரு கப்சிப்பென்று இருந்தது. கோமதி தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு வாசலில் நின்றிருந்தாள். "இன்னாக்கா, இன்னிக்கு வந்துருக்கீங்க? வாங்க, காப்பி போடறேன்" என்றாள். வாசலில் நின்றபடியே நீ சும்மா பேச்சுக் கொடுத்தாய். அவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். போன வருஷம் குழியிலிருந்து எழுந்திருக்க மகள் வந்து தூக்கிவிட வேண்டியிருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. முட்டி ரூமுக்குப் போன பிறகுதான் தானே எழுந்திருக்கிறாள்.

"அன்னிக்கு ஒண்ணுமே இல்லன்னு சொன்னியேமா?" என்று நீ கேட்டாய்.

கோமதி உள்ளே தறி இருந்த பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தறியில உக்காந்துக்கினு அத சொல்வாங்களாக்கா? அதுதான சோறு போடுது. ஒன்னால எனக்கு வலிக்குதுன்னு அது எதிர்லயே சொன்னா நல்லா இருக்குமா? அப்புறம் தறி முடங்கிப் போவும்."

நீ நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாய். "மாமியார பக்கத்துல ஒக்கார வெச்சிக்கினு மாமியார் எப்படின்னு கேட்டுருக்கோம்டி!" கோமதிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. உன்னிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். திட்டம் உன்னுடையது, தவறு உன்னுடையது, ஆனால் அதை மூடி மறைக்க உனக்கு ஒரு கணம் கூடத் தோன்றவில்லை. அன்றைக்கே வீடு வீடாகப் போய், "நாங்க கேட்ட எடம் தப்பு, மறுபடியும் கேக்கறோம்" என்று சொன்னாய். என்னால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

இந்த முறை தறியில்லாத இடமாகப் பார்த்துக் கேட்டோம். குழாயடியில், கோயில் குளத்தங்கரையில், ரேஷன் கடை வரிசையில். வலி இருக்கிறதா இல்லையா என்று கேட்பதையும் விட்டாய். உடம்பு தேறியது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர்களிடமே கேட்டாய். ஒருத்தி, வரதர் கோயில் படியைச் சுவரைப் பிடிக்காமல் ஏறினால் தேறிவிட்டது என்று அர்த்தம் என்றாள். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். "நாங்க சிவன் கோயில் ஆளுங்கதான். ஆனா படி பெருமாள்கிட்டத்தான இருக்குது" என்று ஒரு கிழவி சொன்னதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நீ மாதா கோயில் பெண். படியேற உள்ளே போகவில்லை, குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தாய். ஏறி இறங்கி வந்தவர்கள் ஒவ்வொருவராக உன்னிடம் வந்து, சுவரைப் பிடித்தேன், பிடிக்கவில்லை என்று பெருமையாகவும் வெட்கத்தோடும் சொன்னார்கள். என் வாழ்நாளில் நான் பார்த்த மிக நல்ல கணக்கெடுப்பு அது.

அதற்குப் பிறகுதான் நம் பெரிய சண்டை. பஸ் ஸ்டாண்டு டீக்கடை, ஞாபகம் இருக்கிறதா? அறக்கட்டளைக்கு அனுப்பும் முன் ரிப்போர்ட்டைத் தெருவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாம ஜட்ஜ் மாதிரி இருக்கணும். நீ வக்கீலாயிட்டே" என்றேன். "ஜட்ஜும் சாட்சிய கூப்ட்டுத்தான்டி கேப்பாரு" என்றாய். நான் விடவில்லை. அப்போதுதான் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "எங்க தாத்தா அடுத்தவன் வயல்ல கூலி வேல செஞ்சவரு. எங்க தெருவுக்கும் வந்து ஆபீசருங்க எழுதிக்கினு போனாங்களாம். இன்னா எழுதினாங்கன்னு இன்னி வரிக்கும் எங்களுக்குத் தெரியாது." டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு உன் பின்னால் வந்தேன்.

கெடுவைத் தள்ளி வாங்கி, அடுத்த அமாவாசையில் நீ தெருவில் நின்று படித்தாய். அவர்கள் சும்மா கேட்கவில்லை. "நல்லதையே எழுதிக்கினு இருக்கீங்களே, காலையில தொறக்கறது எங்களுக்கு ஆவாதுன்னு எழுதுங்கக்கா. சாயந்திரம் தறிய விட்டு எறங்கறப்போதான் வலி" என்றாள் கோமதி. குறையை எழுதினால் அதையே சாக்காக வைத்து மூடிவிடுவார்கள் என்று நான் பயந்தேன். நீ அங்கேயே நின்றபடி அதை எழுதிச் சேர்த்தாய். அவர்கள் சொன்ன புகழை எடுத்துக்கொண்டு புகாரை விட்டால் அது பொய்ச்சாட்சி சொல்வதற்குச் சமம் என்றாய்.

கோமதியும் மற்ற பெண்களும் இருக்கும்போது அறக்கட்டளை அதிகாரியையும் அந்த அறைக்கே வரவழைத்துவிட்டாய். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். படியேறுவது பற்றிய பக்கத்தைத் தட்டிக் காட்டி, "இதை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவெடுப்பது?" என்றார். நீ பதில் சொல்லப் போகிறாய் என்று பார்த்தேன். வாயாடியான நீ கோமதியைப் பார்த்தாய், அவ்வளவுதான்.

அவர் கோமதியிடம் திரும்பி, இந்த அறை இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"நெய்வேன் சார்" என்றாள் கோமதி. "வலிக்குதுன்னு யார்கிட்டயும் சொல்லாம நெய்வேன்."

நடுவில் புகுந்து விளக்கம் சொல்ல எனக்கு வாய் துடித்தது. மேசைக்குக் கீழே என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாய். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சாயந்திரம் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று கேட்டார். முட்டி ரூம் இன்றைக்கும் இருக்கிறது. சாயந்திரம்தான் திறக்கிறார்கள்.

வெளியே வந்ததும் பெண்கள் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "நா ஒண்ணும் பண்ணலபா, நீங்கதான் பேசுனீங்க" என்றாய். தன்னடக்கத்துக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினாய். உன்னைப் போல ஒருத்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இன்று உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மா இளைத்துப் போயிருந்தார். கூடத்தில் உன் படத்துக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். எப்படிம்மா இருக்கீங்க என்று கேட்டேன். "நல்லா இருக்கேன் கண்ணு. எனக்கு இன்னா கொற? சாப்புடறேன், தூங்கறேன், கோயிலுக்குப் போறேன்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. உன் படத்தைப் பார்த்துச் சொன்னார்.

நான் எழுந்தேன். "மாடியில துணி காயுதேம்மா, மேகமா இருக்குது. வாங்க, எடுத்துடலாம்" என்றேன்.

மொட்டை மாடியில் ஆளுக்கொரு முனையாக ஒரு போர்வையை மடித்தோம். பாலாற்றுப் பக்கமிருந்து நல்ல காற்று. அம்மா தன் முனையை என் கையில் கொடுக்க வந்தவர், கொடுக்காமல் அப்படியே நின்றார்.

"சோறே எறங்க மாட்டேங்குதும்மா" என்றார். "கீழ சொன்னா அவ காதுல உழுந்துடும். பாவம், அவ தாங்க மாட்டா."

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம்தான். எனக்குத் தெரிந்த ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிவிட்டேன்.

"எப்போலேர்ந்தும்மா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை என் முனையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.