மாப்பிள்ளையின் எடை

பிப்ரவரி 3

காலையில் நல்ல மழை. பயிற்சிக் கோபுரத்தின் அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. மீட்புப் பொம்மை நனைந்துவிடப் போகிறதே என்று ஓரமாக இழுக்கக் குனிந்தேன். ஒரு கையிலேயே வந்துவிட்டது.

எண்பது கிலோ இருக்க வேண்டிய பொம்மை. காற்றாலையின் உள் ஏணியில் ஒருவர் மயங்கித் தொங்கினால் எப்படி இறக்குவது என்று பழகுவதற்காக, ஆள் எடைக்கு மணல் நிரப்பித் தைத்தது. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. "இன்னைக்கு மாப்பிள்ளைய இறக்கணுமா மேடம், இல்ல மேலயே இருக்கட்டுமா?" என்று தினமும் ஒருவராவது கேட்பார்கள்.

தையலைப் பிரித்துப் பார்த்தேன். பஞ்சு. கிழிந்த சாக்கு. யாரோ ஒருவரின் பழைய போர்வை.

இரவில் பொம்மையை வைத்துப் பூட்டும் அறையின் சாவி இரண்டே பேரிடம்தான் இருக்கிறது. ஒன்று என்னிடம். இன்னொன்று கயிறு சாரிடம்.

பிப்ரவரி 4

கயிறு கட்டவும் ஏறவும் கற்றுக் கொடுப்பவர். அதனால் அவர் கயிறு சார். இந்தப் பயிற்சி மையம் தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருக்கிறார். மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை.

"ஆமா மேடம், நான்தான் மணலை எடுத்தேன். பொண்ணுங்க திணறுதுங்க. நீங்கதான் சண்டை போட்டு அதுங்கள சேர்த்தீங்க. நாளைக்கு ஃபெயில் ஆனா, அன்னைக்கே சொன்னோமேன்னு எல்லாரும் உங்க மேல பாய்வாங்க. உங்க பேரு கெடக்கூடாதேன்னுதான்."

என் பேரு! என் பேரைக் காப்பாத்தச் சொல்லி இவரிடம் யார் அழுதது?

திட்டவும் வாய் வரவில்லை. முகத்தில் அவ்வளவு பாசம். பாசத்தைப் பார்த்து எரிச்சல் வருவது இதுதான் முதல் தடவை.

பையன்களும் அதே பஞ்சு மாப்பிள்ளையைத்தான் இறக்கித் தேறியிருக்கிறார்கள். அதை அவர் யோசிக்கவே இல்லை.

பிப்ரவரி 5

வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அந்தக் கடாய் உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?" என்றார். சிரிக்கவில்லை நான்.

பிப்ரவரி 6

இயக்குநரிடம் போனேன். மாதக் கடைசியில் புதுக் காற்றாலைகளின் திறப்பு விழா. இந்தப் பகுதிப் பிள்ளைகளே ஓட்டப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேனர். வெளியிலிருந்து ஆள் கொண்டுவரும் காலம் முடிந்தது என்று அவர் மேடையில் சொல்லும்போதெல்லாம் நான்தான் முதலில் கைதட்டுவேன். அது என் கனவும்தானே.

மறுபடி மணல் நிரப்பி எல்லோரையும் சோதிக்க வேண்டும், அதுவரை சான்றிதழ் கிடையாது என்றேன்.

"மேல போறவங்க தினமுமா மயங்கி விழுறாங்க? வேலைக்குப் போனா தானா பழகிடும் மேடம். உக்காருங்க, தண்ணி குடிங்க."

எதைச் சொன்னாலும் தண்ணி குடிங்க. ஆண்கள் கத்தினால் அது கருத்து. நான் குரலை உயர்த்தினால் தண்ணீர்.

தானாகப் பழகுமா? தொங்குகிறவரைக் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் ஏணியில் மாட்டியிருக்கும் அவருடைய கொக்கியைக் கழற்ற முடியும். கையால் தூக்க யாராலும் முடியாது, கப்பி போட்டுத்தான் தூக்க வேண்டும். பஞ்சுப் பொம்மைக்குக் கப்பி எதற்கு? ஒரு கையால் தூக்கிக் கழற்றிவிட்டார்கள். தெரியாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் அங்கேயே கோவையாகச் சொன்னேனா? இல்லை. பஸ்ஸில் வரும்போதுதான் எல்லாம் தோன்றியது. வழக்கம்போல.

பிப்ரவரி 9

அனுமதி வரவில்லை. நான் காத்திருக்கவும் இல்லை. கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை அள்ளி நிரப்பி, நானே தைத்து, கப்பி போட்டு மேலே தொங்கவிட்டேன்.

முதலில் நெட்டையைக் கூப்பிட்டேன். வகுப்பிலேயே வேகமானவள். விறுவிறுவென்று ஏறினாள், பழக்கத்தில் ஒரு கையை மாப்பிள்ளையின் இடுப்பில் கொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் முயன்றாள். பிறகு தோளைக் கொடுத்தாள். கப்பி அவள் முதுகில் இருந்த மீட்புப் பையிலேயே இருந்தது. அது அவள் நினைவுக்கே வரவில்லை.

கீழே பையன்கள் சிரித்தார்கள். "மாப்பிள்ள விருந்துச் சாப்பாடு சாப்ட்டாருடோய்!"

"நீங்க ஏறுங்கடா" என்றேன். ஏறினார்கள். ஒருவராலும் முடியவில்லை. அப்புறம் சிரிப்பும் இல்லை.

நடந்ததைச் சொன்னேன். கயிறு சார் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நெட்டை நேராக அவரிடம் போனாள்.

"எங்களுக்காகவா சார் செஞ்சீங்க? நாங்க கேட்டோமா? நாளைக்கு நான் மேல தொங்கினா, இவனுங்கதான சார் என்னை இறக்கணும்?"

அவர் கிழக்கு வாசல் வழியாகப் போய்விட்டார். நான் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 12

பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து இயக்குநர் அறை வாசலில் நின்றார்கள். ஒழுங்காகக் கற்ற பிறகு சான்றிதழ் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். நான் தூண்டிவிட்டதாக எனக்குப் பட்டம். தூண்டவில்லை. தோன்றியிருந்தால் தூண்டியிருப்பேன்.

பிப்ரவரி 28

விழா. மேடையில் ஆளுக்கொரு உறை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். உறைக்குள் ஒன்றும் இல்லை. கைதட்டல் மட்டும்தான் அசல்.

மார்ச் 2

இன்றுமுதல் என் இடத்தில் கயிறு சார் தலைமைப் பயிற்சியாளர். நான் மீட்புப் பயிற்சி மட்டும். "உங்களுக்கும் சுமை குறையும் மேடம்" என்கிறார் இயக்குநர். என்ன ஒரு அக்கறை! மணலை எடுத்தவருக்கு நாற்காலி, போட்டவளுக்கு ஓய்வு.

என் அறைச் சாவியை நான் கொடுக்கும்போது கயிறு சார் என் கண்ணைப் பார்க்கவில்லை. "நான் கேக்கல மேடம்" என்றார். தெரியும். அவர் எப்போதுமே கேட்க மாட்டார். அவருக்கு எல்லாம் அடுத்தவருக்காகத்தான்.

மார்ச் 19

கடைசி ஆளும் தேறிவிட்டான். கப்பி, கயிறு, முழு எடை. கை உரிந்துபோன பிள்ளைகளுக்கு நானும் கயிறு சாரும் மருந்து போட்டோம், ஒருவரோடு ஒருவர் பேசாமல்.

சந்தோஷப்பட வேண்டும். இன்னும் உள்ளே கொதிக்கிறது. முறையான வேலையைச் செய்யவே இவ்வளவு சண்டை என்றால், காற்றாலைக்குப் போய் இதுகள் என்ன செய்யும்?

மே 7

மதியம் நெட்டை போன் செய்தாள், காற்றாலையிலிருந்து.

"மேடம், ரெண்டு கோபுரத்துக்கு ஒரே மீட்புப் பைதான் இருக்கு. ரெண்டுலயும் ஒரே நேரத்துல ஏறச் சொல்றாங்க. மாட்டேன்னுட்டேன்."

"நீ மட்டுமா?"

"எல்லாரும்தான். கீழ வரிசையா உக்காந்திருக்கோம். காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது, பழுது பார்க்க நிறுத்தின ரெண்டுமே சுத்தல. மேற்பார்வையாளர் தலையப் பிச்சுக்கிறாரு." பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். "அவரு வராரு மேடம். வெச்சிடாதீங்க."

வைக்கவில்லை. அவர் போட்ட சத்தம் எனக்கே காதைத் துளைத்தது. வேலை போய்விடும் என்றார். உங்களை யார் கெடுத்தது என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அவள் குரல் ஏறவே இல்லை. ஏணி எங்கே என்று கேட்பதுபோலச் சொன்னாள்:

"இன்னொரு பை வரட்டும் சார். ஏறுறோம்."

அவர் மறுபடி கத்தினார். அவள் அதையே மறுபடி சொன்னாள். அங்கே என் கோபத்துக்கு வேலை இருக்கவில்லை.

சாயங்காலம் செய்தி அனுப்பியிருந்தாள். பை வந்துவிட்டதாம். ஏறிக்கொண்டிருக்கிறார்களாம்.